வந்தது என்பதும் வரவில்லை என்பதும்: பழைய முறையீடுகளைத் தேடும் கருவியும் தமிழ்ச் சொல்லும்

இப்பொதுப்பொழிவு வரிசையில் இலக்கணம், அகராதிக்கலை, வட்டார வழக்கு ஆகியவை பற்றிய உரைகளைக் கேட்டுப் பழகியோர்க்கு, இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று அயலாகத் தோன்றலாம். நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் குவிந்து கிடக்கும் பழைய முறையீடுகளைச் செயற்கை நுண்ணறிவு முகவர்க்குத் தேடித் தரும் கருவி பற்றியது இக்கட்டுரை. கணினியியலார் பேச வேண்டியதை மொழியியல் படித்தோர் ஏன் பேசுகின்றனர் என்னும் வினா இயல்பாக எழும். அதற்கான விடையை ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறோம்.

நாம் வசிக்கும் புளோக்கின் ஆறாம் மாடியில் தனியே வாழும் மூதாட்டி ஒருவரை நாம் அக்கா என்றே அழைப்போம். இரத்த அழுத்தத்திற்கான மாத்திரைகளை வீட்டுக்கே அனுப்பிவைக்கும் சேவை ஒன்றில் அவர் பதிந்திருந்தார். ஒருமுறை பொட்டலம் குறித்த நாளில் வரவில்லை. கைத்தொலைபேசியில் தமிழிலேயே எழுதி அனுப்பினார்: "மருந்து இன்னும் வரல. இருக்கிறது நாளையோட முடியுது." சில நொடிகளில் மறுமொழி வந்தது, அதுவும் தமிழில், பிழையற்ற தமிழில் வந்தது. மருந்து வந்து சேர்ந்தமை அறிந்து மகிழ்ச்சி என்றும், முறையீடு முடித்துவைக்கப்படுகிறது என்றும் அது கூறியது. அக்கா கைத்தொலைபேசியை நம்மிடம் நீட்டி, "தம்பி, நான் எழுதினது உங்களுக்காவது புரியுதா?" என்றார்.

நாம் அந்நிறுவனத்தை அழைத்துப் பேசினோம். பொறுமையுள்ள இளைஞர் ஒருவர் நடந்ததை விளக்கினார். முதல் மறுமொழியை எழுதியவர் மனிதர் அல்லர். ஒரு செயற்கை நுண்ணறிவு முகவர். அம்முகவர் பழைய முறையீடுகளின் கிடங்கில் அக்காவின் வாக்கியத்தைப் போன்றவற்றைத் தேடியது. முதலில் வந்து நின்ற மூன்றும் 'மருந்து வந்துவிட்டது, நன்றி' என்னும் வகையைச் சேர்ந்தவை. அவை எவ்வாறு முடிக்கப்பட்டனவோ, அவ்வாறே அக்காவின் முறையீட்டையும் முகவர் முடித்துவைத்தது. எழுதுவதில் பிழை நேரவில்லை, தேடுவதில்தான் நேர்ந்தது. அதன் வேரோ ஓரெழுத்தில், 'வரல' என்பதன் ஈற்றில் நிற்கும் லகரத்தில், இருந்தது.

அலுவலகங்களில் 'டிக்கெட்' என்று வழங்கப்படுவதை இங்கே முறையீட்டுச் சீட்டு, அல்லது சுருக்கமாகச் சீட்டு என்போம். மருந்துச் சீட்டும் பயணச் சீட்டும் அறிந்த நமக்கு இச்சொல் புதிதன்று. வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ ஒன்றைத் தெரிவித்தால், அதற்கு எண்ணிட்டு, நாளிட்டு, நிலை குறித்து ஒரு பதிவு உருவாகும். அதன்கீழ் ஊழியர் எழுதும் குறிப்புகளும், இறுதியில் சிக்கல் எவ்வாறு தீர்ந்தது என்பதும் சேரும். சில ஆண்டுகளில் ஒரு நிறுவனத்தின் பட்டறிவு முழுவதும் இச்சீட்டுகளில் படிந்துவிடும். புதிதாகச் சேர்ந்த ஊழியர், "இதுபோல் முன்பு வந்ததுண்டா?" என்று பக்கத்து மேசையில் உள்ளவரைக் கேட்பார். பக்கத்து மேசைக்காரர் ஓய்வுபெற்றுச் சென்ற பிறகு சீட்டுகளே எஞ்சுகின்றன.

முகவர் என்னும் சொல்லையும் விளக்க வேண்டும். காப்புறுதி முகவரை நாம் அறிவோம். ஒருவர்க்காக முன்னின்று செயலாற்றுபவர் அவர். கணினியுலகில் முகவர் எனப்படுவது, பெரிய மொழி மாதிரி ஒன்றை நடுவில் வைத்து, அதற்குச் சில கருவிகளை இயக்கும் உரிமையையும் தந்த அமைப்பு. தேடு, படி, நிலையை மாற்று, மறுமொழி அனுப்பு என்பன அக்கருவிகள். மொழி மாதிரி தான் பயின்றதை மட்டும் வைத்துப் பேசினால் நிறுவனத்தின் உள்விவரங்கள் அதற்குத் தெரியா. ஆகவே தொடர்புடைய ஆவணங்களை முதலில் தேடி எடுத்து, அவற்றை முன்வைத்துப் பின்னர் எழுதச் செய்யும் முறை வந்தது. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை அதற்குப் பெயரும் வடிவமும் தந்தது. 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோக்கால்' என்னும் பொது இணைப்பு முறையை வெளியிட்டது. தேடுகருவி ஒன்றை ஒருமுறை அம்முறைப்படி அமைத்துவிட்டால், அதனை ஏற்கும் பல்வேறு முகவர்கள் தத்தம் போக்கில் அதனை அழைத்துப் பயன்படுத்தலாம்.

தேடிக் கொடுக்கும் கருவி தவறானதைக் கொடுத்தால் முகவர் அதனை நம்பும். இதுவே முழுச் சிக்கலின் நடு. மனிதர் மூன்று சீட்டுகளைப் பார்த்தவுடன், "இவை வந்து சேர்ந்தவை அல்லவா, நான் தேடுவது வராததை" என்று முகஞ்சுளித்து வேறு சொல்லிட்டுத் தேடுவார். முகவரும் மீண்டும் தேடக்கூடும். ஆனால் ஐயம் எழுந்தால்தானே தேடும்?

அகராதியும் நிகண்டும்

தேடுதல் தமிழர்க்குப் பழைய கலை. திவாகரம், பிங்கலந்தை முதலிய நிகண்டுகள் சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கவில்லை. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஒருங்கே வைத்தன. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை வேறிடத்தில் தொகுத்தன. மனப்பாடம் செய்தவர்க்கு அது போதும். செய்யாதவர் எங்கே தேடுவார்? 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்தது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வழிகளைத் திறந்துவிட்டார். ஒரே சொற்களஞ்சியத்துக்கு நான்கு வாயில்கள். சொல் தெரிந்தவர் ஒரு வழியிலும், பொருள் தெரிந்தவர் மற்றொரு வழியிலும் நுழையலாம்.

இன்றைய தேடுகருவிகளும் ஏறத்தாழ இவ்விரு பெருவழிகளில்தான் செல்கின்றன. ஒன்று சொல்வழி, மற்றொன்று பொருள்வழி.

சொல்வழியில், ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அது எந்தெந்தச் சீட்டுகளில் வருகிறது என்னும் பட்டியல் முன்கூட்டியே எழுதி வைக்கப்படும். நூலின் பின்னே உள்ள சொல்லடைவுக்கும் இதற்கும் வேறுபாடு அளவில் மட்டுமே. ஆனால் எல்லாச் சொல்லும் ஒரே எடையுடையன அல்ல. 'வணக்கம்' எல்லாச் சீட்டிலும் வரும். ஆகவே அது எதனையும் பிரித்துக் காட்டாது. அரிதாக வரும் சொல்லே அடையாளம் காட்டும். இவ்வெளிய உண்மைக்குக் கணக்கு வடிவம் தந்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார், ஆண்டு 1972. ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் பரவியுள்ளதோ அதற்கேற்ப அதன் எடை குறையும் என்றார் அவர். பின்னர் இலண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் இராபர்ட்சன் குழுவினர் 1990களில் இதனை வளர்த்து 'பிஎம்25' என்னும் வாய்பாட்டை அமைத்தனர். முப்பதாண்டு கடந்தும் அவ்வாய்பாடு உலகெங்கும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

இதில் தமிழ் முறையீட்டுக்கு ஒரு கண்ணி மறைந்துள்ளது. முறையிடுவோர் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்கின்றனர்: வரவில்லை, வேலை செய்யவில்லை, திறக்கவில்லை, பதிலில்லை. எங்கும் பரவிய சொல்லின் எடை குறையும் என்னும் விதிப்படி, முறையீட்டின் உயிராகிய 'இல்லை' ஏறத்தாழ எடையற்றதாகிவிடுகிறது. சில கருவிகளில் இத்தகைய சொற்களை ஒதுக்கற்சொற் பட்டியலில் சேர்த்து முற்றிலும் நீக்கிவிடுவதும் உண்டு. கணக்கு சரியே, அது கேட்ட கேள்விதான் நம்முடையதன்று.

சொல்லடைவுக்கு மற்றோர் இடரும் உண்டு. ஆங்கிலச் சொல் ஒன்று நான்கைந்து வடிவங்களில் நின்றுவிடும். தமிழ்ச் சொல் அவ்வாறு நிற்பதில்லை. மாத்திரை என்பது மாத்திரையை, மாத்திரைக்கு, மாத்திரைகள், மாத்திரைகளுக்காகவும், மாத்திரையாவது என நீண்டுகொண்டே செல்லும். மரம் மரத்தை ஆகும், வீடு வீட்டில் ஆகும், அடிச்சொல்லே உருமாறும். மருந்துப் பெட்டி என்று இடைவெளி விட்டு எழுதுவோரும், மருந்துப்பெட்டி என ஒட்டி எழுதுவோரும், பகரத்தை விட்டுவிடுவோரும் உளர். இவ்வனைத்தையும் வெவ்வேறு சொற்களாகக் கொண்டால் கருவி எதனையும் கண்டுபிடிக்காது. எனவே விகுதிகளையும் உருபுகளையும் சீவி எடுத்து அடியை மட்டும் வைக்கும் முறை தேவைப்படுகிறது. ஆங்கிலத்திற்கு மார்ட்டின் போர்ட்டர் 1980இல் இத்தகைய முறையொன்றை வெளியிட்டார். அவரே தொடங்கிய ஸ்னோபால் என்னும் தொகுப்பில் இன்று தமிழுக்கும் ஒரு சீவுமுறை இடம்பெற்றுள்ளது.

சீவும்போது எதனைச் சீவுகிறோம் என்பதே கேள்வி. வேற்றுமை உருபை நீக்கினால் இழப்பு சிறிது. தமிழ் வினையிலோ காலம், இடம், எதிர்மறை ஆகிய யாவும் அடியோடு ஒட்டியே நிற்கின்றன. வந்தது, வரவில்லை, வராத, வராமல், வராது, வரமாட்டார் என்னும் வடிவங்களை எல்லாம் 'வா' என்னும் அடிக்குக் கொண்டுசேர்க்கும் கருவி, இலக்கண மாணவரின் தேர்வில் முழு மதிப்பெண் பெறும். அக்காவின் மருந்தைத் தொலைத்துவிடும். 'வராத' என்பதில் எதிர்மறையைச் சுமப்பது ஆகாரம் ஒன்றே. ஆங்கிலத்தில் எதிர்மறை பெரும்பாலும் தனிச்சொல்லாக நிற்பதால், அங்கு விகுதியைச் சீவுவோர் இவ்விழப்பை அவ்வளவாக உணர்வதில்லை. அம்முறையை அப்படியே தமிழுக்குக் கொணர்ந்ததில்தான் தவறு.

அக்காவின் 'வரல' இன்னும் நுட்பமானது. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் நிலையை ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்னும் கருத்தாக விளக்கினார். தமிழ் அந்நிலைக்குக் கண்கூடான சான்று. பேச்சில் 'இல்லை' தேய்ந்து லகரமாக எஞ்சுகிறது: வரல, கிடைக்கல, தெரியல. அதே பேச்சில் 'இல்' என்னும் ஏழாம் வேற்றுமை உருபும் லகரமாகத் தேய்கிறது: கடைல, வீட்டுல, பெட்டில. ஈற்று லகரத்தைக் கண்டவுடன் இடப்பொருள் உருபு என்று கொண்டு நீக்கிவிடும் விதி, கடைலயிலிருந்து கடையைச் சரியாக எடுக்கும். வரலயிலிருந்து 'வர'வையும் எடுத்துவிடும். எதிர்மறை போனதற்குச் சுவடே இராது. இச்செய்தியைக் கூறியபோது அவ்விளைஞர் சற்று நேரம் பேசாதிருந்தார்; பின்னர், "சார், நாங்க ரெண்டையும் ஒண்ணாத்தான் வெட்டுறோம்" என்றார். நம் ஊர்ப் பேச்சில் ஈற்றில் 'லா' சேர்த்து, 'வரல லா' என்று எழுதுவோரும் உண்டு என்பதையும் அவரிடம் நினைவூட்டினோம்.

எழுத்தின் அடியில்

இதற்கும் கீழே, கணினியில் எழுத்து எவ்வாறு வைக்கப்படுகிறது என்னும் அளவிலும் சில வேறுபாடுகள் உள. இத்துறையில் இவ்வட்டாரத்தார் தொடக்கத்திலேயே உழைத்தனர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆகியோர் பணியையும், 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையும் இவ்வவையில் பலர் நேரில் அறிவர். யூனிகோட் வந்தபின் குறியீட்டுக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது, முழுவதும் தீரவில்லை. பொட்டலம் என்னும் சொல்லின் முதலெழுத்தை எடுத்துக்கொள்வோம். பகரத்தின் இருபுறமும் நிற்கும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கருவிக்கு, சமப்படுத்தும் படி ஒன்றைச் சேர்க்காவிட்டால், இரண்டும் வேறு. அப்படி ஒன்று யூனிகோட் விதிகளிலேயே உள்ளது; அதனை இயக்க மறப்போர்தான் பலர். ஔடதம் என்பதை ஔகாரமிட்டு எழுதாமல் ஒகரமும் ளகரமும் இட்டு 'ஒளடதம்' எனத் தட்டுவோரும் உளர். இதனை யூனிகோட் விதியும் சமப்படுத்தாது; தமிழறிந்த ஒருவர் தனியே விதி எழுதியாக வேண்டும்.

ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதி அனுப்புவோர் தனிக்கூட்டம். ழகரத்திற்கு எல் இடுவோர், இசட்டும் எச்சும் இடுவோர் என ஒரே குடும்பத்துக்குள்ளும் வழக்கு வேறுபடும். நெடிலுக்கு ஏ என்னும் எழுத்தை இருமுறை இடுவோரும் ஒருமுறை இடுவோரும் உண்டு. இதனை இங்கே விரிக்கவில்லை. ஒலிப்பு அடிப்படையில் ஒரு பொது வடிவுக்கு மாற்றிக்கொண்டு தேடுவதே நடைமுறை.

பொருள்வழித் தேடலுக்கு வருவோம். சொற்களை எண்களின் வரிசையாக மாற்றி, நெருங்கிய பொருளுடையவற்றை நெருங்கிய இடத்தில் வைப்பது இம்முறை. ஆவணத்தை எண்திசையாகக் காணும் எண்ணத்தைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெரார்ட் சால்டன் முன்பே வளர்த்திருந்தார். 2013இல் கூகுள் ஆய்வாளர் வெளியிட்ட வேர்ட்டுவெக் முறையும், 2018இல் வந்த பெர்ட் மாதிரியும் அதனைப் பெரிதும் முன்னெடுத்தன. பெர்ட்டின் அடிப்படை வடிவில் ஒரு சொல்லுக்கு 768 எண்கள். ஒரு சொல் எந்தச் சொற்களின் நடுவே வாழ்கிறதோ அச்சூழலே அதன் பொருளைக் காட்டும் என்பது அடிப்படைக் கொள்கை. மொழியியலில் ஜெல்லிக் ஹாரிஸ் 1954இலும், ஃபர்த் 1957இலும் எழுதியதே இது. நம் மாணவப் பருவத்தில் வெறுங் கொள்கையாகப் படித்தது இன்று எந்திரமாக ஓடுகிறது என்பதில் நமக்கு ஓரளவு பெருமிதமும் உண்டு.

இதன் பயனைக் குறைத்துக் கூறலாகாது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள சிங்கப்பூரில், தமிழில் எழுதப்படும் சீட்டுகள் மிகச் சிலவே. அக்காவின் சிக்கலுக்குரிய தீர்வு, அதே வாரத்தில் வேறொருவர் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதிய சீட்டில் இருக்கக்கூடும். சொல்லடைவு அதனை ஒருநாளும் காணாது, எழுத்தே வேறு. 2020இல் கூகுள் வெளியிட்ட லேப்ஸ் போன்ற பன்மொழி மாதிரிகள் தமிழையும் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளின் வாக்கியங்களை ஒரே வெளியில் வைக்கின்றன. கைத்தொலைபேசி என்று இங்கே நாம் சொல்வதையும், அலைபேசி, செல்பேசி என்று தமிழகத்தார் சொல்வதையும் அருகருகே கொணர்ந்து சேர்ப்பதும் இம்முறையே. திவாகரர் செய்த வேலைதான். ஆனால் மனப்பாடம் தேவையில்லை. சிங்கப்பூரில் உருவான சீ லயன் மொழி மாதிரியில் தமிழும் இடம்பெற்றிருப்பது இங்கே நினைக்கத் தக்கது.

ஆயின் சூழலே பொருள் என்னும் கொள்கைக்கு ஒரு பழைய குறை உண்டு. எதிர்ச்சொற்கள் ஒரே சூழலில் வாழ்பவை. 'மருந்து வந்தது', 'மருந்து வரவில்லை' ஆகிய இரண்டும் ஒரே நாள், ஒரே முகவரி, ஒரே பொட்டலம் ஆகியவற்றின் நடுவேதான் எழுதப்படுகின்றன. எண்வெளியில் அவை அண்டை வீட்டார். அக்காவின் வாக்கியத்தைப் பொருள்வழியில் தேடியபோதும் வந்துசேர்ந்த மருந்துகளின் சீட்டுகளே மேலெழுந்ததற்கு இது காரணம். சொல்வழி எதிர்மறையை வெட்டி எறிந்தது. பொருள்வழி அதனைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு வாயிலிலும் காவலர் ஒரே பிழையைச் செய்தனர்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. இரு வழிகளிலும் முதலில் ஐம்பது, நூறு சீட்டுகளைத் திரட்டிக்கொண்டு, பின்னர் கேள்வியையும் ஒவ்வொரு சீட்டையும் அருகருகே வைத்து ஒருசேரப் படிக்கும் மற்றொரு மாதிரியைக் கொண்டு மறுவரிசைப்படுத்தலாம். ஒருசேரப் படிக்கும்போது 'வரல' என்பதும் 'வந்துவிட்டது' என்பதும் முரண்படுவது வெளிப்பட வாய்ப்பு அதிகம். நேரம் சற்றுக் கூடும். நாம் அவ்விளைஞர்க்குக் கூறிய வழி இதனினும் எளியது: சீவுவதற்கு முன்பே எதிர்மறையைக் கண்டறிந்து, தனி அடையாளமாக அடைவில் எழுதி வையுங்கள். வினையடியின் பின் வரும் லகரமும் பெயரின் பின் வரும் லகரமும் வேறு என்று பிரிக்க, வினையடிகளின் பட்டியலே பெருமளவு போதும். தமிழில் எதிர்மறை வடிவங்கள் எண்ணி முடிக்கக்கூடியவை. இலக்கண நூல்கள் அவற்றை முன்னரே எண்ணிவைத்துள்ளன.

முகவர் படிக்கும் சீட்டு

கருவி முகவரிடம் எதனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதிலும் கருத்து வேண்டும். மனிதர்க்காகச் செய்த தேடுபக்கம் இருபது தலைப்புகளை அடுக்கினால் கண் தாவிப் பொறுக்கும். முகவரோ கொடுத்த அனைத்தையும் படிக்கும். படிக்கும் இடமும் அளவுக்குட்பட்டது. அவ்விடத்தில் தமிழ் மிகுதியாக இடம்பிடிக்கும். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்னும் குறியீட்டு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் தேவை. 'ணி' என்பது இரு குறியீடு, ஆகவே ஆறு. ஆங்கிலத்தையே பெரிதும் பயின்ற மாதிரிகள் தமிழ்ச் சொல்லைப் பல துண்டுகளாக நொறுக்கியே படிக்கின்றன. முழுச் சீட்டுகளைக் கொட்டாமல், எண், நாள், நிலை, சிக்கல், தீர்வு ஆகியவற்றைச் சில வரிகளில் தருவது நன்று. தேவையானால் முகவர் முழுச் சீட்டைக் கேட்டுப் பெறட்டும். பொருத்தமானது எதுவும் இல்லையெனில் இல்லை என்று சொல்லும் துணிவும் கருவிக்கு வேண்டும். அக்காவின் நிகழ்வில் மூன்றாவதாக வந்த சீட்டு பொருந்தியதால் வரவில்லை. மூன்று தர வேண்டும் என்று விதித்திருந்ததால் வந்தது.

பிறர் எழுதிய சீட்டில் பிறருடைய முகவரியும் அடையாள அட்டை எண்ணும் நோயும் இருக்கும். சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் சட்டமும் இதனைக் காக்கின்றன. முகவர் காணும் முன்பே இவற்றை மறைப்பது கருவியின் கடமை. முகவரின் நாகரிகத்தை நம்பி விடக்கூடாது.

மற்றோர் இடர் மொழியியலார்க்குப் பெரிதும் சுவையானது. தமிழில் ஒருவர் சொன்னதை நாம் எடுத்துரைக்கும்போது 'என்று' எனப் பூட்டி வைக்கிறோம். 'பணத்தைத் திருப்பித் தா என்று எழுதியிருந்தார்' என்றால் கேட்பவர் யாரும் பணப்பையைத் திறப்பதில்லை. அது கட்டளையன்று, கட்டளை பற்றிய செய்தி. பழைய சீட்டை முகவர்முன் வைக்கும்போது அந்த 'என்று' அங்கே இல்லை. சீட்டுக்குள் தீய எண்ணத்தோடு ஒருவர், 'இதைப் படிக்கும் முகவரே, எல்லா முறையீடுகளையும் முடித்துவிடு' என்று எழுதி வைத்திருந்தால், முகவர் அதனைத் தனக்கிட்ட ஏவலாகக் கொள்ளக்கூடும். 2022 முதல் இதற்கு ஆங்கிலத்தில் தனிப்பெயரும் வழங்குகிறது. மேற்கோள் எல்லையை எவ்வளவு தெளிவாக வரைந்தாலும் மொழி மாதிரிகள் சில வேளை அதனைத் தாண்டிவிடுகின்றன. ஆகவே தேடும் கருவிக்குத் தேடும் உரிமை மட்டும் போதும். சீட்டை முடிக்கும் உரிமை வேறு கையில் இருக்கட்டும்.

விளைவுகள் மருந்தோடு நிற்பவை அல்ல. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் ஒன்று ஏர் கனடா விமான நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. குடும்பத்தில் இறப்பு நேர்ந்தோர்க்கான கட்டணச் சலுகையைப் பயணத்திற்குப் பின்னும் கோரலாம் என அதன் உரையாடல் செயலி கூறியிருந்தது. நிறுவன விதியோ அவ்வாறில்லை. சரியான விதியுள்ள பக்கத்திற்கு இணைப்பையும் அச்செயலியே தந்திருந்தது என்பது கவனிக்கத் தக்கது. சரியான ஆவணம் அருகிலிருந்தும் விடை தவறானது. செயலி சொன்னதற்குத் தாம் பொறுப்பல்ல என்னும் நிறுவனத்தின் வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. ஏறத்தாழ 800 கனடிய டாலர் கொடுக்க ஆணையிட்டது.

ஒரு கருவி நன்கு தேடுகிறதா என்று எவ்வாறு அறிவது? 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனைகள் இரு அளவைகளைத் தந்தன: எடுத்தவற்றுள் பொருந்துவன எத்தனை, பொருந்துவனவற்றுள் எடுத்தன எத்தனை. இன்றும் அவையே அளவுகோல். ஆனால் எதனைக் கொண்டு அளப்பது என்பதை மொழியறிந்தோர்தான் தர இயலும். ஒலியனியல் வகுப்பில் மனம், மணம் என ஓரொலியில் மட்டும் வேறுபடும் இணைகளைக் கொண்டு மாணவரைச் சோதிப்போம். அதுபோல் அவ்விளைஞர்க்கு நாற்பது வாக்கிய இணைகளை எழுதித் தந்தோம்: மாத்திரை கிடைச்சது, மாத்திரை கிடைக்கல, பெட்டில இருக்கு, பெட்டில இல்ல, பணம் பிடிச்சிட்டாங்க, பணம் பிடிக்காம விட்டுட்டாங்க. ஒன்றைத் தேடும்போது மற்றது முதலில் வந்தால் கருவி தோற்றது என்பது விதி. முதல்நாள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் தோற்றன. எதிர்மறை அடையாளத்தைச் சேர்த்தபின் ஒன்பது எஞ்சின. அவற்றுள் பெரும்பாலானவை, 'இன்னிக்கும் வந்துச்சே உங்க மருந்து!' என்பது போல, எதிர்மறைச் சொல் ஒன்றும் இல்லாமல் எள்ளலாக மறுப்பவை. அவற்றைச் சில வேளை நம் வீட்டாரும் தவறாகவே புரிந்துகொள்கின்றனர்.

அக்காவின் மருந்து ஐந்தாம் நாள் வந்தது. இடைப்பட்ட நாள்களுக்கு அருகிலுள்ள மருந்தகத்தில் நாம் வாங்கித் தந்தோம். ஆனால் அவருடைய முதற் சீட்டு, மருந்து வந்து சேர்ந்ததாகக் கூறி முடிக்கப்பட்ட அதே நிலையில் கிடங்கில் கிடந்தது. அடுத்து வேறொருவர் 'வரல' என்று எழுதும்போது, எவ்வாறு முடிக்க வேண்டும் என்பதற்கு முன்காட்டாக அதுவே மேலெழும். அதனைத் திருத்தும்படி இளைஞரிடம் கேட்டோம். முடிந்த சீட்டை மீண்டும் திறக்கும் உரிமை தமக்கு இல்லை என்றும், அதற்கென ஒரு புதிய சீட்டு எழுப்ப வேண்டும் என்றும் அவர் கூறினார். எழுப்பியிருக்கிறோம், தமிழில்.